காத்தாடிக்கு ஓர் இடம்

இன்னும் ஒன்பது பள்ளி நாட்கள் இருந்தன. அதற்குள் அந்தப் பெண்ணின் தலை ஜன்னல் பக்கம் திரும்புவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவளைத் தனி அறைக்கு அனுப்பிவிட வேண்டும்.

"ஒரு பீரியடுக்கு அஞ்சு தடவைக்கு மேல திரும்பினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் தலைமையாசிரியை. "இப்ப எத்தனை?"

"பதினாலு," என்றாள் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

"எண்ணினியாம்மா?"

"ரெண்டு நாளா எண்ணிட்டு இருக்கேன் மேடம்."

"அப்ப பாடம் யாரு நடத்தினா?"

டீச்சர் கையிலிருந்த நோட்டை மூடினாள்.

தனி அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது, உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் கிடங்குக்குப் பக்கத்தில். கவனம் நிற்காத குழந்தைகளுக்கென்று அங்கே ஐந்து மேசைகள். அங்கே போன குழந்தை எதுவும் பழைய வகுப்புக்குத் திரும்பி வந்ததில்லை. போன வருடம் டீச்சரே ஒரு பெண்ணை அனுப்பினாள். காலையில் வரிசையில் நிற்கும்போது அந்தப் பெண் இப்போதும் டீச்சருக்கு வணக்கம் சொல்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை.

இந்தப் பெண்ணுக்கு எட்டு வயது. ஆசிரியர் அறையில் அவளுக்குக் காத்தாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். பெருக்கல் கணக்கைப் பாதியில் நிறுத்துவாள், தலையைத் திருப்புவாள், ஒரு கணம் வெளியே பார்ப்பாள், மறுபடியும் குனிந்து கணக்கை முடிப்பாள். விடை பெரும்பாலும் தப்பாக இருக்கும். போன பருவம் வரை சரியாகத்தான் இருந்தது.

டீச்சர் அறிவியல் படித்தவள். கவனித்தால் காரணம் கிடைக்கும் என்று நம்புகிறவள். அவளும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாலை, எதிரே பஸ் ஸ்டாப், அங்கே நாலைந்து பேர். வேடிக்கை பார்க்க ஒரு பூனைகூட இல்லை. ஆனால் நோட்டில் நேரத்தையும் சேர்த்துக் குறித்தபோது ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு பஸ் பிரேக் போட்டு நின்று கிளம்பிப் போன பிறகுதான் அந்தத் தலை திரும்பியது.

"சத்தம்தான் காரணம்," என்று பியூன் அண்ணனிடம் சொன்னாள். "ஜன்னலை எல்லாம் மூடிடலாம்."

"கண்ணாடி ஜன்னல் டீச்சர். மூடினா உள்ள வெந்துடும்."

"பிள்ளைங்க படிக்கணும்லண்ணா."

"சரி, வெந்து படிக்கட்டும்," என்று அவர் கொக்கிகளை மாட்டினார்.

சத்தம் நின்றது. மூன்று குழந்தைகள் தூங்கிப்போனார்கள். காத்தாடி முப்பத்தொரு தடவை திரும்பினாள். முன்பாவது பஸ் போன பிறகு திரும்பினாள். இப்போது எந்தக் கணக்கும் இல்லாமல், ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் கதவைப் பார்ப்பது மாதிரி, நிமிடத்துக்கொரு தரம் பார்த்தாள்.

டீச்சர் ஜன்னலைத் திறந்துவிட்டு இடத்தை மாற்றினாள். காத்தாடி எதிர்ச்சுவர் ஓரமாகப் போனாள். ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவே ஆறு பேர்.

வகுப்பின் லீடர் எழுந்து நின்றாள். தன் பெயருக்கு முன்னால் லீடர் என்று சேர்த்து நோட்டு அட்டையில் எழுதிக்கொள்ளும் பெண் அவள். "டீச்சர், அவ ஜன்னல்கிட்டயே இருக்கட்டுமே. நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தடி பாத்துப்ப?"

"எல்லாத்தையும்."

"உக்காரு."

லீடர் உட்காரவில்லை. "அப்ப அந்த ஜன்னல் சீட்ல நான் உக்காரட்டுமா?"

"எதுக்கு?"

"யாராவது உக்காரணும்ல டீச்சர்."

அது நியாயமாகப் பட்டது. முதல் பீரியடில் காத்தாடி ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. டீச்சர் நோட்டில் பெரிய பூஜ்யம் போட்டு அடியில் இரண்டு கோடு கிழித்தாள். அந்தச் சந்தோஷம் இரண்டாவது பீரியட் வரை நீடித்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் தற்செயலாகத் திரும்பினாள். வெளியே ஒரு பஸ் போனது. லீடர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்தாள். அவளும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்தவளை இடித்தாள். இடி ஒவ்வொருவராகக் கடந்து சுவர் ஓரம் வந்து சேர்ந்தது. காத்தாடி மூச்சை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினாள்.

டீச்சர் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். முன்பு ஒருத்தி பதினாலு தடவை திரும்பினாள். இப்போது ஆறு பேர் பதினாலு தடவை. எண்பத்து நாலு.

"வெளியே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல டீச்சர்," என்றார்கள் முப்பத்து மூன்று பேரும் ஒரே குரலில். வாய்ப்பாட்டை அவர்கள் இவ்வளவு சேர்ந்து சொன்னதே இல்லை.

ஐந்து நாட்கள்தான் மிச்சம். டீச்சர் ஜன்னல் முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டினாள். அன்றைக்குக் காத்தாடி மதியத்துக்குள் ஒன்பது தடவை பாத்ரூம் போக அனுமதி கேட்டாள். பாத்ரூமுக்குப் போகிற வராந்தா ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. பத்தாவது தடவை டீச்சர் அனுப்பவில்லை. உடனே லீடருக்கு அவசரம் வந்தது. அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. போய் வந்தவர்கள் காத்தாடியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், மூணாம் வகுப்புக்கு மட்டும் தனியா ஒரு தண்ணித் தொட்டி கட்டச் சொல்லுங்க," என்றார் பியூன் அண்ணன்.

டீச்சர் பயந்துபோய்க் காத்தாடியின் அம்மாவுக்குச் சீட்டு எழுதினாள். பெண்ணை டாக்டரிடம் காட்டுவது நல்லது என்று. இரண்டு நாள் கழித்து அதே சீட்டின் பின்பக்கம் பதில் வந்தது. "டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் ஒரு நாள் லீவு போச்சு. இனிமேல் எதுவானாலும் அவள் அப்பாவைக் கூப்பிடுங்கள்."

அதே நாள் தலைமையாசிரியை வகுப்பைப் பார்க்க வந்தார். காகிதம் ஒட்டிய ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது கிளாஸா, பார்சலா?"

காகிதத்தைக் கிழிக்கச் சொன்னார். பெற்றோர் ஒருவரைக் கடைசி நாளன்று வரவழைக்கவும் சொன்னார். அன்று ஒரு பீரியட் அவரே நின்று எண்ணுவார். அவர் எண்ணிக்கைதான் முடிவு.

மதிய இடைவேளையில் டீச்சர் காத்தாடியைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "உங்க அப்பாவை வரச் சொல்லப்போறேன்."

"வேணாம் டீச்சர்."

"ஏன்மா?"

"ஆபீஸ்ல லீவு தரமாட்டாங்க."

"அரை மணி நேரம்தான்."

"தரமாட்டாங்க டீச்சர்."

"அப்பா அடிப்பாரா?"

"அடிக்கவே மாட்டாரு."

"பின்ன என்ன பயம் உனக்கு?"

அந்தப் பெண் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். "அப்பா பாவம் டீச்சர்."

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "கவனிக்கலேன்னா உன்னைத் தனி அறைக்கு அனுப்பிடுவாங்க. அது தெரியுமா?"

"தெரியும். அங்க ஜன்னல் இருக்கா டீச்சர்?"

"இல்ல."

அவ்வளவு நேரம் அழாதவள் அப்போது அழுதாள். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், பள்ளி விட்ட பிறகு, டீச்சர் வகுப்பில் இருந்த சின்ன நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தாள். எங்கே உட்கார்ந்தாலும் முழங்கால் முகவாயைத் தொட்டது. எங்கிருந்து பார்த்தாலும் ரோடு தெரிந்தது. இருபதாவது நாற்காலியில் இருந்தபோது பியூன் அண்ணன் பூட்டும் சாவியுமாக வந்தார்.

"டீச்சர், இப்படியே இருந்தீங்கன்னா உங்களையும் பின்னாடி ரூமுக்கு அனுப்பிடுவாங்க."

"கொஞ்சம் கை கொடுங்கண்ணா. அரைவட்டமாப் போட்டுப் பாக்கலாம்."

இருவரும் மேசைகளை இழுத்தார்கள். வளைவின் உள்பக்கம், நடுவில், ஓர் இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்தால் கண்ணுக்கு எதிரே கரும்பலகை. ஜன்னலை வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தாலும் எதிரே பஸ் ஸ்டாப்பின் ஒரு தூணும் ஓர் ஓரமும் மட்டும்தான் தெரிந்தன. டீச்சர் அந்த மேசையில் காத்தாடியின் பெயரை ஒட்டினாள்.

மறுநாள் டீச்சர் போன் பண்ணிய ஐந்தாவது நிமிடம் அப்பா வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, தோளில் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா முண்டிக்கொண்டு தெரிந்தது.

"போன் பண்ணினதும் வந்துட்டீங்களே சார். ஆபீஸ் பக்கமா?"

"ஆமா. பக்கந்தான்."

பெரிய நாற்காலி எதுவும் அங்கே இல்லை. மூலையில் இருந்த குழந்தை நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்டனை வாங்கின பையன் மாதிரி இருந்தார். தலைமையாசிரியை கதவருகே ஒரு தாளும் பேனாவுமாக நின்றார்.

டீச்சர் நீர் ஆவியாவதைப் பற்றிப் பேசினாள். முதல் பஸ் வந்து நின்றது, போனது. டீச்சரின் வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. காத்தாடி அசையவில்லை. இரண்டாவது பஸ் போனது. லீடர்கூடத் திரும்பவில்லை. முழங்கைகள் எல்லாம் அவரவர் இடத்தில் இருந்தன. நாற்பது நிமிடத்தில் பதினாலு பஸ் போனது. கடைசிப் பத்து நிமிடத்துக்குக் கொடுத்த ஏழு கணக்குகளையும் காத்தாடி போட்டு முடித்தாள். ஏழும் சரி.

தலைமையாசிரியை தாளில் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "தனி அறை வேணாம். வருஷக் கடைசி வரைக்கும் அவ இதே இடத்துல உக்காரட்டும். யாரும் மாத்தக் கூடாது."

டீச்சர் அப்பாவிடம் போனாள். "உக்கார்ற இடந்தான் சார் பிரச்சனை. வேற ஒண்ணுமே இல்ல."

"ரொம்ப நன்றி டீச்சர். நான் பயந்தே போயிட்டேன்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வரட்டுமா? ஆபீஸுக்கு நேரமாச்சு."

போகிற வழியில் மகளின் தலையைத் தொட்டார். அவள் நிமிரவில்லை.

வகுப்பில் அப்படியொரு அமைதி. அதற்காகத்தான் டீச்சர் ஒன்பது நாள் பாடுபட்டாள். லீடர் மட்டும் இடத்தைவிட்டு எழுந்து, ஷூ சத்தம் கேட்காமல் நுனிக்காலில் நடந்து போய், அந்த அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்தார். அவள் ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் அது கதவருகே நின்ற தலைமையாசிரியை வரைக்கும் கேட்டது.

"அங்கிள், நாளையிலேருந்து பஸ் ஸ்டாப்புல இந்தப் பக்க ஓரமா உக்காருங்க. எப்பவும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பீங்கள்ல, அந்த இடத்துலயே உக்காந்தா இந்த சீட்லேருந்து அவளுக்குத் தூண் மறைச்சுடும். ஒவ்வொரு பஸ் போறப்பவும், நீங்க அதுல ஏறிப் போயிட்டீங்களோன்னு அவ பயந்துப்பா."