பிராக்கெட்டாரின் பூனை

தப்பு தன் பேரில் இருக்காது என்று பிறக்கும்போதே எழுதி வாங்கிக்கொண்டு வந்த ஒரு ரகம் நம்மிடையே உலாவுகிறது. சாவி திரும்பவில்லையா? பூட்டு மட்டம். மழையில் நனைந்துவிட்டாரா? வானிலை அறிக்கை வாசித்தவர் மண்டு. இந்த ரகத்தை நீங்கள் பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள், வங்கி வரிசையில் பார்த்திருப்பீர்கள். ஆனால் முழு வளர்ச்சியடைந்த நிலையில் பார்க்க வேண்டுமென்றால், கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் அலுவலகத்துக்குத்தான் வர வேண்டும். எவ்வளவு திட்டினாலும் திருப்பித் திட்டாத ஒரு ஆள் அங்கே கிடைக்கிறது. அதன் பெயர் கம்பைலர்.

நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. கோபம் வர இது போதாதா?

நம்முடையவரை அலுவலகத்தில் பிராக்கெட்டார் என்பார்கள். அவர் உயிரை வைத்திருக்கும் ஸ்கீம் என்ற நிரல்மொழியில் எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று என்று போய், கடைசியில் வரிசையாக மூடிக்கொண்டு வரும், ஒரு வீட்டிலுள்ள கதவையெல்லாம் காற்று சாத்தின மாதிரி. மேலாளரிடம் மல்லுக்கு நின்று, ஒரு பள்ளிக்கூடத்தின் கால அட்டவணை நிரலை அந்த மொழியிலேயே எழுத ஒப்புதல் வாங்கியவர் அவர். அன்று மாலை தலைமையாசிரியை நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"சார், இன்னிக்கு அவங்க முன்னாடி ஓடலைன்னா உங்க ஸ்கீமுக்கு ஒரு பெரிய கும்பிடு. எல்லாத்தையும் வேற மொழியில மாத்தி எழுதிடலாம். நீங்களும் கீழ் மாடிக்கு இடம் மாறிடுங்க."

கீழ் மாடியில் அடைப்புக்குறிகள் குறைவு.

சிக்கல் இதுதான்: கணக்கு வாத்தியாரை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் நிறுத்தியது நிரல். ஆசிரியர்களைப் பங்கிடும் வேலையைத் தனியே பிரித்து வைத்திருந்த மாட்யூலைத் திறந்தார் பிராக்கெட்டார். தப்பைக் கண்டுபிடித்தார், திருத்தினார், ஓட்டினார். வாத்தியார் இரண்டு வகுப்பிலும் நின்றார். மறுபடி திருத்தினார். நின்றார். திருத்தியதையே திருத்தினார். மனிதர் அசையவில்லை.

"கம்பைலர்லதான் கோளாறு" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி அறிவித்தார் பிராக்கெட்டார்.

இதற்குப் பிறகு இந்த ரகம் செய்யும் சடங்குகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பழைய கம்பைல் கோப்புகளைத் தேடித் தேடி அழித்தார். கம்பைலரையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக நிறுவினார். அதுவும் போதாமல் அதற்கு அடுத்த பதிப்பை இறக்கி, அது கொண்டுவந்த புதுக் குற்றச்சாட்டுகளைப் பார்த்து மிரண்டு, பழையதற்கே திரும்பினார். நடுநடுவே, திரையைப் பார்த்து முறைத்தார். முறைத்தால் சரியாகிவிடுமா? அவர் முறைக்காமல் இருந்ததில்லை.

மனைவி போனில் கூப்பிட்டார். "சாப்ட்டீங்களா?"

"கம்பைலர் எங்க சாப்பிட விடுது?"

"நேத்து அடுப்பு, அதுக்கு முந்தி மிக்சி, இன்னிக்குக் கம்பைலரா? பாவம், அதையாவது அழ விடாம வெச்சுக்கோங்க."

போனை வைத்துவிட்டு, கம்பைலரை உருவாக்கியவர்களுக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுத உட்கார்ந்தார். 'அடிப்படை வேலையைக்கூட' என்று தொடங்கும்போது, பக்கத்து இருக்கையில் நிரல்களைச் சோதிக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க திருத்துற ஃபைலத்தான் அது படிக்குதா?"

"என்னம்மா கேள்வி இது? வேற எத படிக்கும்?"

"ஒண்ணு பண்ணுங்க. ஃபைல் நடுவுல சம்பந்தமில்லாம ஏதாவது எழுதி விடுங்க. படிச்சுதுன்னா கத்தும்ல?"

பிராக்கெட்டார் பெரிய மனது பண்ணி, மாட்யூலின் நடுவில் 'பூனை' என்று தட்டினார். ஓட்டினார். கம்பைலர் ஒரு முனகல்கூட இல்லாமல் வேலையை முடித்தது. வாத்தியார் இரண்டு வகுப்பிலும் நின்றார்.

"பாத்தியா!" வெற்றிக் களிப்பில் மேசையைத் தட்டினார் பிராக்கெட்டார். "பூனைன்னு எழுதினாக்கூடத் தப்புன்னு சொல்லத் தெரியல இதுக்கு! இதையும் புகார்ல சேத்துடறேன்."

"அண்ணா, பூனை இருக்கிற வீட்டுக்கே அது வரல. எந்த வீட்டுக்குப் போகுதுன்னு கேளுங்க."

கேட்டார்கள். மாட்யூலை எங்கிருந்து எடுக்கிறாய் என்று கேட்டால் கம்பைலர் ஒளிக்காமல் சொல்லும்; இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். 'பத்திரம்' என்ற ஃபோல்டரிலிருந்து என்றது அது.

போன மாதம், எதற்கும் இருக்கட்டும் என்று மாட்யூலின் நகலை அங்கே போட்டவர் பிராக்கெட்டார். முதலில் அங்கே தேடு என்று கம்பைலருக்கு உத்தரவு போட்டவரும் அவரேதான். அன்றிலிருந்து அது கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறது.

அவசர அவசரமாக அந்த உத்தரவை நீக்கினார். அதற்குள் கதவு திறந்தது. முன்னால் மேலாளர், பின்னால் தலைமையாசிரியை.

"காட்டுங்க சார்."

பிராக்கெட்டார் கம்பீரமாகப் பொத்தானைத் தட்டினார். அன்று முதல்முறையாக அவருடைய கோப்பைப் படித்த கம்பைலர், பெரிய திரையில் உள்ளதை உள்ளபடி சொன்னது: 'பூனை யாரென்று எனக்குத் தெரியாது.'

"யாரு சார் பூனை?" மேலாளரின் குரல் கீழ் மாடிக்கு இறங்கியது.

"அது வந்து சார், கம்பைலர்ல ஒரு..." என்று ஆரம்பித்தார் பிராக்கெட்டார். பக்கத்து இருக்கை இருமியது. அவர் காது சிவந்தது. அரை வினாடியில் பூனையை அழித்துவிட்டு மறுபடி தட்டினார். கணக்கு வாத்தியார் ஒரே வகுப்பில், ஒரே ஆளாக நின்றார்.

தலைமையாசிரியைக்கோ அட்டவணையைவிடப் பூனைதான் பிடித்துப்போயிற்று. "தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுதே! எங்க ஸ்டாஃப் ரூம்ல அப்படி ஒரு ஆள் இல்ல. இதையே வெச்சுக்கலாம்."

கீழ் மாடி தப்பியது. சாயங்காலம் மனைவி மறுபடி கூப்பிட்டார். "சரியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. கம்பைலர் ஒருவழியா என் வழிக்கு வந்துடுச்சு."

இதைப் படிக்கும்போது உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்து நின்றிருக்குமே? சகலையா, மேலாளரா, எதிர் வீட்டுக்காரரா? ரொம்பச் சரி, அவரைத் திருத்த ஆரம்பியுங்கள். எத்தனை தரம் திருத்தியும் உங்கள் வீட்டில் எதுவுமே மாறவில்லை என்றால் மட்டும், ஒரு தரம் கண்ணாடி முன்னால் நின்று 'பூனை' என்று சொல்லிப் பாருங்கள்.

யாராவது திடுக்கிட்டால், திருத்த வேண்டியது அந்த ஆளைத்தான்.