உருண்டைப் பின்னும் தட்டை ஓட்டையும்

"நுழையாது டாக்டர். திருப்பியும் பார்த்துட்டேன், புரட்டியும் பார்த்துட்டேன்."

ஆஸ்பத்திரி வயர்மேன் தரையில் குந்தியிருந்தான். கையில் டயாலிசிஸ் மெஷினின் ப்ளக். அதில் கட்டைவிரல் தடிமனுக்கு மூன்று உருண்டைப் பின்கள். எதிரே ஜெனரேட்டரோடு வந்த சாக்கெட் பெட்டி. அதில் மூன்று தட்டை ஓட்டைகள். வாசலில் ரிப்பன் கட்டியாகிவிட்டது. மந்திரியின் கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அமுக்கிப் பாருய்யா."

"அமுக்கினா பின்னு உடையும் டாக்டர்."

"அப்ப ஒரு துணியைப் போட்டு மூடு. மந்திரி ரிப்பனைத்தானே வெட்டப் போறாரு, ப்ளக்கையா செருகப் போறாரு?"

மந்திரி வந்தார், வெட்டினார், கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். துணி மட்டும் மூன்று வாரம் அப்படியே கிடந்தது.

அந்தச் சின்ன நாட்டோடு இரண்டு பெரிய நாடுகள் உறவு கொண்டாடி வந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்ததை ஜனங்கள் பெரியப்பா என்பார்கள். கடல் தாண்டி இருந்ததை மாமா என்பார்கள். இரண்டு பேருக்கும் கண் அந்த ஊர்த் துறைமுகத்தின் மேல். துறைமுகம் யாருக்கு என்று அரசாங்கம் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா பாசம் பொங்கி டயாலிசிஸ் மெஷின் கொடுத்தார். விட்டாரா மாமா? 'உங்க ஊர் கரண்ட் நிலையா நிக்காது, மெஷின் பாதியில நின்னா ஆளுக்கே ஆபத்து' என்று ஜெனரேட்டர் கொடுத்தார். இரண்டிலும் சீல் வைத்திருந்தது. ஒயரை வெட்டினாலோ ப்ளக்கை மாற்றினாலோ சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒப்பந்தம் அப்படி.

துறைமுகம் எவன் கைக்குப் போனாலும் வயர்மேனுக்கு ஒன்றுதான். அவன் கவலையெல்லாம் அவனுடைய அக்கா. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அவள் வாரத்துக்கு மூன்று நாள் தலைநகருக்குப் பஸ் ஏறினாள். போக நாலு மணி நேரம், மெஷினில் நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். இத்தனைக்கும் அவள் வீட்டுக்கும் இந்த மெஷினுக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான் இருந்தது.

"என்னடா, உன் ப்ளக்கு மனசு மாறுச்சா?" என்று அக்கா தினமும் கேட்பாள்.

"நாளைக்கு இலாகாவுக்கு எழுதறேன்க்கா."

"எழுது, எழுது. பஸ் கண்டக்டர் எனக்குச் சொந்தக்காரனாவே ஆயிட்டான். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறதைப் பத்தி எங்கிட்ட யோசனை கேக்குறான்."

எழுதுவதற்கு முன்னால் இலாகாவுக்குப் போன் போட்டான். "இருங்கண்ணே, ஐயாவுக்குத் தர்றேன்" என்றது டைப்பிஸ்ட் பெண்ணின் குரல். துணைச் செயலாளர் வந்தார்.

"பொருந்தலையா? நல்லா தெரியுமா?"

"சத்தியமா பொருந்தலைங்கய்யா."

"அப்ப எழுதுங்க. படம் போட்டு எழுதுங்க. 'ஓடவில்லை'ன்னு பெரிசா எழுதுங்க."

அந்தக் குரலில் கவலை இல்லை, ஒரு தெம்பு இருந்தது. வயர்மேன் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டான். பாவம், நல்லவன். படம் வரைந்து, அளவு குறித்து, இரண்டு பக்கம் எழுதினான்.

கடிதம் வேலை செய்தது! 'மாமாவின் ஜெனரேட்டர் சரியில்லை' என்று எப்படியோ பெரியப்பா காதுக்குப் போய், அவர் ரோஷப்பட்டுத் தன் செலவில் சொந்த ஜெனரேட்டரே அனுப்பிவிட்டார். கூடவே ஒரு இன்ஜினியர், ஒரு மொழிபெயர்ப்பாளர், நாலு போட்டோகிராபர். வயர்மேன் ஓடிப்போய் சாக்கெட்டைப் பார்த்தான்.

தட்டை ஓட்டை.

"சார், மெஷினும் நீங்க செஞ்சது, ஜெனரேட்டரும் நீங்க செஞ்சது. ஒரே வீட்டுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாதா?"

மொழிபெயர்ப்பாளர் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னார். இன்ஜினியர் தோளைக் குலுக்கினார்.

"கேட்டதைத்தான் கொடுத்திருக்கோம்னு சொல்றாரு."

"எவன் கேட்டான் இதை?"

அதற்குள் இன்ஜினியரைப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுபடி கடிதம், மறுபடி படம். இந்த முறை மாமாவுக்கு ரோஷம். பெரியப்பாவின் மெஷினைவிடப் பெரிய மெஷினாகக் கப்பலில் வந்தது. அதில் உருண்டைப் பின்!

"ரெண்டு மெஷினு, ரெண்டு ஜெனரேட்டரு," நர்ஸம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "இதுல ஒண்ணுகூடவா ஒண்ணோட சேராது?"

சாமான் வைக்க இடம் பண்ண, பிரசவ வார்டுக் கட்டில்களை வராந்தாவில் போட்டார்கள். வயர்மேனுக்கு வெளிநாட்டுக்காரன் மேல் கோபமான கோபம் வந்தது. இவ்வளவு படித்தவனுக்கு ஒரு பின் செய்யத் தெரியவில்லையே என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் திட்டித் தீர்த்தான். அங்கே பெரியப்பா நம் மீனுக்குப் போட்டிருந்த வரியைக் குறைத்தார். அடுத்த வாரமே மாமா நம் உப்பு முழுவதையும் தானே வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டார். இலாகாவுக்கு இரண்டு பக்கமிருந்தும் புதுக் கார்கள் வந்தன.

"உங்க லெட்டர் ஒவ்வொண்ணும் தங்கம்யா," என்றார் துணைச் செயலாளர் போனில். "கையைத் தளர விடாதீங்க."

"ஐயா, எங்கக்கா பஸ்ஸுல போய் வந்து துரும்பா இளைச்சிட்டாங்கய்யா."

"அதையும் எழுதுங்க. உருக்கமா எழுதுங்க."

எழுதி எழுதி அலுத்துப்போனவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தானே ஒன்று செய்தான். பழைய கப்பல் சாமான் கடையில் பொறுக்கிய பித்தளை, ஒரு ரப்பர் கட்டை. ஒரு பக்கம் உருண்டை ஓட்டை, மறு பக்கம் தட்டைப் பின். சீலைத் தொடவில்லை, ஒயரை வெட்டவில்லை. நடுவில் செருகி ஜெனரேட்டரை ஓடவிட்டான். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"எரியுதுண்ணே! எரியுது!" நர்ஸம்மா அழுதேவிட்டாள்.

டாக்டர் மூன்று நாள் ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்தார். "வியாழக்கிழமை உங்கக்காவைக் கூட்டிட்டு வாய்யா. முதல் ஆள் அவங்கதான்."

வியாழக்கிழமை காலையில் அக்கா தண்ணீர் பாட்டில், போர்வை, துண்டு எல்லாம் வைத்த பையோடு கிளம்பி நின்றாள்.

"தெருவைத் தாண்டறதுக்கு எதுக்குக்கா பை?"

"பழக்கம்டா," என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று! வயர்மேன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, நர்ஸம்மா ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. டாக்டர் பெருமை தாங்காமல் இலாகாவுக்கு 'மெஷின் ஓடுகிறது' என்று அறிக்கை அனுப்பியிருந்தார். ஆறு மாதமாக ஒரு ஸ்க்ரூகூட அனுப்பாத இலாகா, ஒரே நாளில் இரண்டு அதிகாரிகளை அனுப்பிவிட்டது. அவர்கள் நேராக வந்து வயர்மேன் செய்ததைப் பிடுங்கி ஒரு உறையில் போட்டார்கள். பச்சை விளக்கு அணைந்தது.

"ஒப்பந்தப்படி அந்த ரெண்டு நாட்டுச் சாமானைத் தவிர வேற எதையும் இதுல சேர்க்கக் கூடாது. இது மூணாவது நாட்டுச் சாமான்."

"சார், இது நம்ம நாட்டுல செஞ்சது சார்!"

"அதைத்தான்யா நானும் சொல்றேன். மூணாவது நாடு."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். அக்கா மெதுவாக எழுந்து செருப்பைத் தேடினாள்.

"பஸ்ஸு இன்னும் போயிருக்காதுல்லடா?"

ஓடிப்போய் ஏறினார்கள். பாதி வழியில் அக்கா தம்பியின் தோளில் சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, கண்டக்டர் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் பஸ்ஸை விரட்டச் சொல்லி, எப்படியோ தலைநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மெஷின் வேலை முடிந்ததும் அங்கிருந்த டாக்டரம்மா அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"இவங்க வீட்டுக்குப் போற பயணத்தைத் தாங்குவாங்க. திரும்ப இங்க வர்ற பயணத்தைத் தாங்க மாட்டாங்க. இங்கயே வச்சுக்க எங்களுக்குப் படுக்கை இல்ல. சனிக்கிழமை எப்படியாவது உங்க ஊர்லயே பண்ணிடுங்க."

வயர்மேன் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இலாகாவுக்கு ஓடினான். துணைச் செயலாளரின் அறைக்கதவில் புதுப் பலகை. இப்போது அவர் செயலாளர். உள்ளே யாரும் இல்லை. துறைமுகத்தில் பாதி பெரியப்பாவுக்கு, பாதி மாமாவுக்கு என்று முடிவாகி, எல்லோரும் கையெழுத்து விழாவுக்குப் போயிருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டுக்குப் பின்னால் அவனுடைய பித்தளைச் சாமான் இருந்தது. அதன் பக்கத்தில் அவன் கடிதங்கள் அத்தனையும் அழகாக பைண்டு செய்து வைக்கப்பட்டிருந்தன.

"சாவி எங்கம்மா இருக்கு?"

"ஐயா கையிலண்ணே," என்றாள் டைப்பிஸ்ட் பெண். போனில் கேட்ட அதே குரல்.

"சரி, வேண்டாம். ஊருக்குப் போய் இன்னொண்ணு செஞ்சுக்கறேன்."

"செய்யாதீங்கண்ணே. உங்களை அரெஸ்ட் பண்ணச் சொல்லி ஆர்டர் டைப் அடிச்சு வச்சிருக்கேன். நீங்க இன்னொண்ணு செஞ்சா கையெழுத்துப் போட்டுடுவாரு."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்? அந்த வெளிநாட்டுக்காரனுங்க கண்ணை மூடிக்கிட்டுத் தப்பும் தவறுமா அனுப்பினதை நான் சரிபண்ணேன். அது ஒரு குத்தமா? அதுக்கு எங்கக்கா சாகணுமா?"

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவங்க தப்பா அனுப்பலண்ணே. ஒவ்வொரு தடவையும் 'எந்த மாதிரி ப்ளக்கு வேணும்'னு ரெண்டு நாட்டுக்காரங்களும் நம்மகிட்டக் கேட்டுத்தான் அனுப்பினாங்க; மெஷினுன்னா உருண்டை, ஜெனரேட்டருன்னா தட்டைன்னு பதில் டைப் அடிச்சது நான்தான், பொருந்திட்டா அதோட கொடுக்கறதை நிறுத்திடுவாங்கன்னு ஐயா பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல."