ஐந்தாவது முட்டைக்கு ஒன்றுமில்லை

மேகம் தரையிறங்கி நடக்கிற உயரத்தில் ஒரு காட்டில், அங்கம்மா என்ற காட்டுக்கோழி ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். மார்கழிப் பனியோடு மழையும் சேர்ந்து கூட்டை நனைத்துவிட்டது. கதகதப்பாக ஏதாவது வேண்டுமென்றால் காட்டு அலுவலகக் கிடங்கில்தான் கேட்க வேண்டும். முட்டைகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு போனாள். வரிசை நகராதபோதெல்லாம் கூடைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

கிடங்கு அதிகாரி சபாபதி ஒரு கீரி. கீரிக்கு முட்டை என்றால் உயிர். ஆனால் மனுதாரரின் பொருளைத் தின்பதில்லை என்று வேலையில் சேர்ந்த அன்றே அவர் எழுதிக் கொடுத்திருந்தார். இதுவரை மீறியதில்லை.

கிடங்கில் எல்லாம் இருக்கிறது, ஆனால் எது சூட்டை அதிகம் தாங்குகிறது என்று சோதிக்காமல் எதையும் கொடுக்கக் கூடாதென்பது யானைத் தலைவரின் உத்தரவு என்றார் அவர். சோதனைக்கு வெந்நீர் டம்ளர்கள் ஐந்து வேண்டும். டம்ளர்களைக் குரங்குகள் கொண்டுபோய்விட்டன. சொல்லிக்கொண்டே கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அஞ்சும் ஒரே அளவு, ஒரே சூடு. இதைவிட நல்ல மாதிரி கிடைக்காதும்மா."

அங்கம்மா வாய் திறப்பதற்குள் முட்டைகள் பதிவேட்டில் ஏறிவிட்டன. ஒன்றைக் கம்பளியிலும், ஒன்றை வைக்கோலிலும், ஒன்றைச் செய்தித்தாளிலும், ஒன்றைத் தகரத்திலும் சுற்றி, நான்குக்கும் அரக்கு முத்திரை வைத்தார். ஐந்தாவது முட்டை மேசைமேல் வெறுமனே கிடந்தது.

"ஐயா, அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு சும்மா இருக்கணும்."

ஒரு மணி நேரம் யாரும் எதையும் தொடக் கூடாதென்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

சன்னல் வழியாகப் பனிக்காற்று வந்தது. அங்கம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரத்தையும் பார்த்தாள், முத்திரையை உடைத்தால் மனு தள்ளுபடியாகிவிடும். பிறகு மேசைமேல் ஏறி ஐந்தாவது முட்டையின்மேல் உட்கார்ந்தாள். காலடிச் சத்தம் கேட்ட பிறகுதான் இறங்கினாள்.

சபாபதி வெப்பமானியை வைத்துப் பார்த்தார். தகரம் கடைசி. செய்தித்தாள் நான்காவது, வைக்கோல் மூன்றாவது, கம்பளி இரண்டாவது. எதுவும் சுற்றாத முட்டைதான் முதலாவது. மூன்று தடவை பார்த்தும் மாறவில்லை.

அங்கம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, நான்தான் அதுமேல உட்கார்ந்திருந்தேன்," என்றாள்.

சபாபதி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அதை எழுத இதுல கட்டம் இல்லையேம்மா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கையைப் படித்த யானைத் தலைவர் பாராட்டினார். கம்பளியும் வைக்கோலும் தரமற்றவை என்று அகற்றப்பட்டன. அடுத்த வாரத்திலிருந்து காட்டிலுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் 'ஒன்றுமில்லை' இலவசமாக வழங்கப்பட்டது. குடும்பத்துக்கு ஒன்று, அடைகாக்கும், குஞ்சு வளர்க்கும் தாய்மாருக்கு இரண்டு. அதற்கும் விடியற்காலையிலிருந்தே வரிசை நின்றது.

அங்கம்மாவுக்கு நான்கு குஞ்சுகள் பொரித்தன. தகரத்தில் இருந்தது பொரிக்கவில்லை. குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்தபடி அவளும் வரிசையில் நின்று, தனக்குரிய இரண்டையும் கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நீதி: ஒன்றும் இல்லாமல் பிழைத்துக் காட்டாதே, அதையே திட்டமாக்கி ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுவார்கள்.