மாப்பிள்ளை அச்சிட்ட கிருமி அடுக்கு

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, டிபன் சாப்பிடாமல்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ராம்குமார் அவர்களுக்கு,

மாமனார் ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை தங்கபுஷ்பமும் கபாலீஸ்வரர் தயவில் நலம். அங்கே தாங்களும், என் மகள் சரண்யாவும், ஈக்காட்டுத்தாங்கலில் தங்கள் பதிப்பகமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதிப்பகத்தைப் பற்றிய வேண்டுதலில் மட்டும் கொஞ்சம் மனசு ஒட்டவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள், நான் பத்து நிமிஷம் உங்கள் மேஜையோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கடிதம்.

போன வருஷம் தாங்கள் இனிப்புப் பெட்டியோடு வந்து, “மாமா, பிளஸ் டூ விலங்கியல் கைடு போடறோம். கருவளர்ச்சிப் பாடத்தை நீங்கதான் எழுதணும். உங்கள விட்டா யாரு இருக்கா?” என்று கேட்டது நினைவிருக்கும். முப்பத்து நாலு வருஷம் அரசுப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவனை ஓய்வுக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்டதில்லை, கியாஸ் புக் பண்ணியாச்சா என்பதைத் தவிர. உருகிப்போய்விட்டேன். கையாலேயே நாற்பத்திரண்டு பக்கம் எழுதினேன். கரு முதலில் வெறும் செல் உருண்டை, பிறகு அது மூன்று அடுக்காகப் பிரிகிறது. வெளியே புறப்படை, அதிலிருந்து தோலும் மூளையும். நடுவே நடுப்படை, அதிலிருந்து எலும்பும் இரத்தமும். எல்லாவற்றுக்கும் உள்ளே அகப்படை. குடலின் உள்பக்கம், கல்லீரல், கணையம், நுரையீரல் எல்லாம் அந்த ஒரு அடுக்கு கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத உறுப்புகள் என்பதால் பிள்ளைகள் அதை ஒப்புக்குப் படிக்கும். அதற்காகவே அகப்படைக்கு மட்டும் எட்டுப் பக்கம் எழுதினேன். மஞ்சள் பென்சிலில் படமும் போட்டேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு அம்மாளும் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண்ணும். அம்மாள் பெயர் ஆரோக்கியமேரி. அடையாறில் ஒரு அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. முன்பு ஆற்றோரம் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடிவைத்திருக்கிறார்கள். பெண் தமிழ்நிலா, பிளஸ் டூ. அந்த அம்மாள் கையிலிருந்த கைடைத் திருப்பி, என் விலாசம் அச்சிட்டிருந்த பின்னட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா சார், இந்த போட்டோல கீறவரு நீங்கதான?”

நான்தான். உங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். நெற்றியில் சந்தனம் காய்ந்திருக்கிறது, தோளில் உங்கள் சித்தப்பாவின் கை மட்டும் இருக்கிறது. என் கையெழுத்து வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, மாப்பிள்ளை, நான் பேனாவைக் கூட எடுத்துவிட்டேன்.

“அத்த வெச்சுட்டு இத்தப் படி சார்” என்றார். படித்தேன். ‘உட்புறக் கிருமி அடுக்கிலிருந்து கல்லீரல், கணையம், நுரையீரல் ஆகியவை தோன்றுகின்றன.’ அடுத்த வரி, ‘இக்கிருமி அடுக்கு எல்லா விலங்குகளிலும் பரவியுள்ளது.’ என் எட்டுப் பக்கத்தைக் காணோம். அகப்படை என்ற சொல்லே எங்கும் இல்லை. மஞ்சள் பென்சில் படம் இருந்த இடத்தில் ஒரு கொசுவின் படம்.

நடந்தது இதுதான். தி.நகரில் ஒரு அறக்கட்டளை மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடத்துகிறது. நேர்முகத்தில் இந்தப் பெண்ணிடம் கல்லீரல் கருவின் எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவள் என் பெயர் போட்ட கைடை நம்பி, கிருமியிலிருந்து கல்லீரல் வருவதை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். இடம் போய்விட்டது. அந்தப் பெண் அழவில்லை. என்னைப் பார்த்து, “சார், கிளாஸ்ல வேற மாதிரி சொன்னாங்க. ஆனா புக்ல பெரியவங்க போட்டிருக்காங்களேன்னு இதையே படிச்சேன்” என்றாள். பெரியவங்க!

உடனே தங்களுக்குப் போன் செய்தேன். தாங்கள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், மறந்திருக்கலாம். “மாமா, உங்க தமிழ் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அகப்படைன்னா பசங்க ஏதோ ராணுவம்னு நெனச்சுக்கும். அதான் ஒரு இங்கிலீஷ் புக்க கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்தோம். ஜெர்ம்னா கிருமிதானே மாமா?” ஐயா, கருவின் அந்த மூன்று அடுக்குக்கும் இங்கிலீஷில் ஜெர்ம் லேயர் என்று பெயர். ஜெர்ம் என்றால் கிருமியும் உண்டு, கருவின் முளையும் உண்டு. தங்கள் கம்ப்யூட்டர் சோப்பு விளம்பரம் பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டது போலிருக்கிறது. தாங்கள் அதுவும் பார்க்கவில்லை.

மறுநாள் அவர்கள் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த அறக்கட்டளைக்குப் போனேன். வழியெல்லாம் “எல்லாம் எங்க மாப்பிள்ளை பண்ணினதும்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிக்கொண்டே போனேன். அங்கே செயலாளர் ஜெயலக்ஷ்மி அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். பின்னட்டையைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். “சார், பொண்ணு மேல தப்பில்ல, புரியுது. ஆனா லிஸ்ட் போட்டாச்சு. அந்த இடத்துல வேற பொண்ணு சேர்ந்தாச்சு. அவளை எழுப்பி அனுப்பச் சொல்றீங்களா?” வெளியே வந்து ஆரோக்கியமேரியிடம், “கவலைப்படாதீங்கம்மா, நானே தினமும் இவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்” என்றேன்.

“நீயா? வோணாம் சார். இதுவே போதும்” என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். ஆட்டோவில் கூட ஏறவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் என்னிடம் படிக்க மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை, மாப்பிள்ளை. ஒழுங்காகப் படிக்காத பயல்கள் கூட வந்து உட்காரவாவது செய்தார்கள்.

ஆகவே கண்டிப்பாக எழுதுகிறேன். கடைகளில் இருக்கும் கைடு அத்தனையையும் திரும்ப வாங்க வேண்டும். என் பெயரையும் உங்கள் சித்தப்பாவின் கையையும் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். தாங்கள் நேரில் பெரும்பாக்கம் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை இந்த வீட்டில் தங்களுக்கு விருந்தும் கிடையாது, என்னிடமிருந்து பேச்சும் கிடையாது. படிக்காமல் அச்சடிப்பவனுக்குப் புத்தகத் தொழில் எதற்கு?

மற்றபடி தாங்களும் சரண்யாவும் பதினாறு பேறும் பெற்று நோய்நொடியின்றி வாழ இந்த மாமனாரின் மனமார்ந்த ஆசிகள். சரண்யாவைத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
அ. ரகுபதி

பின்குறிப்பு: கவர் தேடி அலமாரியைக் குடைந்தபோது ஒரு பழுப்புக் கட்டு கிடைத்தது. ஆடி மாசம் பிழை பார்க்கச் சொல்லி சரண்யாவிடம் தாங்கள் கொடுத்தனுப்பிய கைடின் அச்சுப்படிகள். மொத்தமும் பார்த்து அன்றைக்கே திருப்பிக் கொடுத்த நினைவு. இது அதே திருத்தங்களைப் போட்டு எனக்கென்று வைத்துக்கொண்ட நகல். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘படித்தேன், சரி, அ.ர.’ என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான், தங்கபுஷ்பத்திடமும் காட்டிக் கேட்டுவிட்டேன். நான் எழுதியதுதானே, இதில் என்ன தப்பு இருக்கப்போகிறது என்று நினைத்து, படிக்காமலே போட்டிருக்கிறேன். பெரும்பாக்கத்துக்குத் தாங்கள் போக வேண்டாம். நாளைக் காலை நான் போகிறேன். ஆட்டோவில் உங்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அந்த அம்மாளிடம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஐம்பத்தாறாம் பக்கத்தில் ‘கல்லீரல் கணையம்’ என்று இருந்ததற்கு நடுவே சிவப்பு மையில் ஒரு கால்புள்ளி போட்டிருக்கிறேன். அது விட்டுப்போனதைப் பார்த்த கண்ணுக்கு, அதே வரியில் இருந்த கிருமி தெரியவில்லை. கைடைப் புரட்டிப் பார்த்தேன். தாங்கள் அந்தக் கால்புள்ளியை மறக்காமல் சேர்த்துத்தான் அச்சிட்டிருக்கிறீர்கள்.