சப்பரத்துக்குத் தோள் கொடுத்த தகப்பன்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்
மே, 1947

பாசமும் மரியாதையும் மிகுந்த அக்கா ஆரோக்கியமேரி அவர்களுக்கு, தம்பி ஸ்தனிஸ்லாஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் மர்சலினும் மகள் ஐரினும் இங்கே சுகம். என் வலது தோள் மட்டும் சுகமில்லை. அங்கே திருச்சியில் நீங்கள் சுகமாயிருக்கவும், அத்தானுடைய மூச்சிரைப்பு தணியவும் தினமும் செபமாலையில் நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. 'இங்கே ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்த பெண்ணைத் தனியாக ரயிலேற்றி அனுப்பாமல் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறீர்களே' என்று கோபித்திருந்தீர்கள். அக்கா, மர்சலின் மேல் பழி போடாதீர்கள். அவள் அன்றைக்கே பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டாள். வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்தவன் நான்தான். பள்ளிக்கூடத்தில் நான் பூகோள வாத்தியார். கப்பலேறி உலகத்தைச் சுற்றி வந்தவர்களைப் பற்றி வருஷா வருஷம் தொண்டை வரளப் பாடம் நடத்துகிறேன். ஆனால் என் பெண் இதோ பக்கத்திலிருக்கிற லஸ் முனையைத் தாண்டினால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்வதில்லை. ஒவ்வொருவருக்கும் வானத்திலிருந்து வந்த ஒரு காவல் சம்மனசு உண்டென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சம்மனசுக்கு மெட்ராஸ் பஸ்ஸும் டிராமும் பழக்கமிருக்குமா? அதனால்தான் அவருக்கு ஒத்தாசையாக நானும் கூடவே போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் லஸ் முனையில் நான் தற்செயலாக நின்றுகொண்டிருந்தபோது ஐரின் என்னைக் கண்டுபிடித்துவிட்டு, "அப்பா, தற்செயலா நிக்கிறவங்க கையில என் டிபன் கேரியர் இருக்காது" என்றாள். கேரியரை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பேச்சு முற்றிவிட்டது. "எப்படித்தான் என்னை நம்புவீங்கப்பா?" என்று அவள் கேட்டாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. எனக்கும் தாங்கவில்லை. சரி, சின்னமலைத் திருவிழாவுக்கு உன் டீச்சரம்மாவின் சைக்கிளில் தனியாகப் போய், தனியாகத் திரும்பி வா, வந்துவிட்டால் திருச்சிக்கும் தனியாகவே போகலாம் என்று சொல்லிவிட்டேன். தெருமுனையில் மாதா சிலையிருக்கிற கெபிவரை மட்டுமே சைக்கிள் விட்டிருக்கிற பெண், பயந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவளோ எழுந்து வந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "ஆனா நீங்க பின்னாடி வரக் கூடாது" என்றாள். வர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்கை நான் மீறவில்லை அக்கா. பின்னால் போகவே இல்லை. முன்னாலேயே போய்விட்டேன்.

அடையாளம் தெரியக் கூடாதே! அதனால் பக்கத்து வீட்டு அல்போன்ஸிடம் அவர் கோயில் சுற்றுப்பிரகாரத்துக்குப் போடுகிற சபை அங்கியை இரவல் வாங்கினேன். காலுக்கு எட்டுகிற வெள்ளை அங்கி, தலையை மூடும் முக்காடு, தோளில் சிவப்புத் துண்டு. மர்சலின் பார்த்துவிட்டு, "திருவிழாவுக்கா போறீங்க, இல்ல திருடப் போறீங்களா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. ஜட்கா பிடித்து, ஐரின் கிளம்புமுன்பே சின்னமலை போய்ச் சேர்ந்து, கூட்டத்தில் ஒரு தூணோரம் நின்று, பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேதான் என் புத்தி கெட்டது. நம் கோயிலில் சிவப்புத் துண்டு போட்டவர் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், அவ்வளவுதான். அங்கே சிவப்புத் துண்டு போட்டவர் சப்பரம் தூக்குகிறவராம்! அது எனக்கு எப்படித் தெரியும்? சைதாப்பேட்டை பவுல்சாமி என்று ஒரு மனிதர், சப்பரத்துக்குத் தலைவர், கதவு அகலம் மார்பு. வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னா நைனா, செவப்புத் துண்டைப் போட்டுக்கினு வேடிக்கை பாத்துக்கினு கீறே? மாதா பொறப்படுற நேரமாச்சு, வா, தோள் குடு!"

"ஐயா, நான் வந்தது வேற வேலையா..."

"மாதாவைத் தூக்கறத விட இன்னாயா ஒனக்கு வேற வேலை?"

அதற்கு ஒரு கத்தோலிக்கன் என்ன பதில் சொல்ல முடியும்? என்னைப் பிடித்து வலது கம்பத்தின் கீழே நிறுத்தினார்கள். சப்பரம் எழுந்தது. அக்கா, மாதா எவ்வளவு இரக்கமுள்ளவர்களோ, அவர்களுடைய சப்பரம் அவ்வளவு கனம். கொஞ்ச தூரத்திலேயே என் மூக்குக்கண்ணாடி வேர்வையில் வழுக்கி நுனிமூக்குக்கு வந்துவிட்டது. அதன் வழியாகத்தான் பார்க்கிறேன், பாதையோரம் என் ஐரின்! சைக்கிளைச் சாய்த்து வைத்துக் குந்திக்கொண்டிருக்கிறாள். சங்கிலி கழன்று தொங்குகிறது. அவள் அதில் விரலை விடப் போகிறாள். முன்னால் சுவாமியார் மாதாவின் திருநாமங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பிரார்த்தித்துக்கொண்டு போகிறார், ஜனங்கள் ஒவ்வொன்றுக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்லி வருகிறார்கள். சுவாமியார் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார். எனக்கு அறிவு எங்கே போனதோ, கம்பத்துக்கு அடியில் இருந்தபடியே அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஐரின்!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றது அவ்வளவு கூட்டமும்.

"சங்கிலியில கைய விடாதே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

சுவாமியார் திரும்பிப் பார்த்தார். நான் அவர் கண்ணில் படாமல் குனியப் போய்க் கால் இடறினேன். சப்பரம் ஒரு பக்கமாகச் சரிந்தது, ஜனங்கள் "மாதாவே!" என்று அலறினார்கள். பவுல்சாமி ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் என்னை உருவி வெளியே போட்டார். "யார்யா இந்த ஆளை உள்ள வுட்டது?" என்று அவர் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

மண்ணில் உட்கார்ந்திருந்த என் முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்தேன். ஐரின். கையெல்லாம் கறுப்பு மசகு. ஒரு குச்சியால் நெம்பிச் சங்கிலியைத் தானே மாட்டிவிட்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் முக்காட்டை மெல்ல இறக்கி, தோளைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப வலிக்குதாப்பா?" என்றாள். பிறகு, "ஏறுங்க" என்றாள்.

ஆமாம் அக்கா, உங்கள் தம்பி, பூகோள வாத்தியார், அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பெண்பிள்ளை ஓட்டுகிற சைக்கிளின் பின் காரியரில் உட்கார்ந்து ஊர் வந்தேன்! மர்மலாங் பாலத்தில் எதிரே ஒரு பஸ், பின்னால் ஒரு பட்டாள லாரி. நான் கண்ணை மூடி, சாகிற நேரத்தில் சொல்லுகிற உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லத் தொடங்கி, இப்படியும் அப்படியும் நெளிந்தேன். "அப்பா, ஆடாதீங்க. நீங்க ஆடினாத்தான் நாம விழுவோம்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். நான் ஆடாமல் இருந்தேன். அவள் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சைக்கிள் கோடு போட்டது போலப் போயிற்று. தேனாம்பேட்டையில் ஒரு போலீஸ்காரர் டபுள்ஸ் என்று கை காட்டி நிறுத்தினார். என் அங்கியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, "சாமி, வூட்ல கொழந்தைக்கு ஜுரம், ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார். பண்ணிவிட்டேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். வீடு வரை என் பெண்ணின் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரிப்பு.

ஆகவே அக்கா, நான் தோற்றுப்போனேன், எனக்கு அதில் சந்தோஷம்! பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே தகப்பனையும் சேர்த்து ஓட்டி வந்தவளுக்கு ரயிலில் உட்கார்ந்து வரத் தெரியாதா? அடுத்த மாதம் பகல் ரயிலில் ஐரின் தனியாக வருவாள். நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்தால் போதும். நான் எழும்பூரில் கையசைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இது உறுதி, முடிந்த முடிவு. அத்தானுக்கு என் வந்தனம். தேவமாதா உங்கள் இருவரையும் தம்முடைய நிழலில் வைத்துக் காப்பாற்றுவார்களாக.

தங்கள் அன்புத் தம்பி,
ஸ்தனிஸ்லாஸ்

பி.கு.: அதே ரயிலில் ஐரினுடைய பெட்டிக்கு முன் பெட்டியிலிருந்து, வெள்ளை அங்கியும் முக்காடுமாக ஒருவர் இறங்கினால் தயவுசெய்து கூப்பிட்டுவிடாதீர்கள். பின் பெட்டி அல்ல, முன் பெட்டி. வாக்கு வாக்குதான். இப்போதுதான், அல்போன்ஸிடம் இன்னும் திருப்பிக் கொடுக்காத அங்கியை யாருக்கும் தெரியாமல் எடுத்து வைக்கலாமென்று பரணிலிருந்து என் பையை இறக்கினேன். அங்கி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. துவைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருக்கிறது. வலது தோளுக்கு உள்பக்கம் மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறது. மர்சலின் தையல் இவ்வளவு கோணலாக இருக்காது அக்கா. இது ஐரின் தையல்.