நெருப்பில் நடந்தவன் ஊசிக்கு விழுந்த கதை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரு வசதி உண்டு: எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்ளலாம். பதினெட்டு வயதில் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

கொரோனாத் தடுப்பூசி போட்ட காலம் அது. ஓட்டமாவடி முஸ்லிம் அண்ணர் ஒருவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், தன் நெல் வெட்டும் மெசினோடு என்னைப் பொலன்னறுவைக்குக் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார். அப்பாவுக்கு இடுப்பு விழுந்து, வீட்டில் அரிசிப் பானை அடி தெரிந்த நேரம். காக்கா சொன்னது ஒன்றுதான்.

"ஊசிக் காட் இல்லாம ஏத்த மாட்டன் தம்பி. சனிக்கிழமை பகல் பழுகாமத்தால வருவன்."

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் எங்கள் பழுகாமத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் என் வயதுக்காரருக்கும் ஊசி. நான் அதற்குத் தயாரான விதத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. முந்தின வருடம் அம்மன் கோயில் தீமிதிப்பில் விரதமிருந்து, உடம்பை இறுக்கி, நிமிர்ந்து நடந்தேன். ஒரு கொப்புளம் இல்லை. (யாரும் கேட்காமலே ஒரு மாதம் உள்ளங்காலைக் காட்டித் திரிந்தேன்.) நெருப்புக்குச் சரிவந்த முறை ஊசிக்குச் சரிவராதா? முதல் நாள் மத்தியானத்திலிருந்து வெறும் தண்ணீர்தான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பொடியன்களையும் முதல் நாளே என் சீடர்களாக்கி, பட்டினி போட்டிருந்தேன். என் தங்கை மட்டும் வயிறு நிறைய இடியப்பம் தின்றுவிட்டு வந்திருந்தாள். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

"சாப்பிட்டயா மனே?" என்று கேட்டார் ஊசி போடும் நர்ஸ் மிஸி.

"ஓம் மிஸி," என்றேன். பொய்.

"கையத் தளர விடு. அங்கால பாத்துக் கதச்சிக்கொண்டிரு. நோகாது."

"நான் நெருப்புல நடந்தவன் மிஸி."

"அது கால். இது கை. இறுக்காத."

இறுக்கினேன். ஊசியை வெறித்துப் பார்த்தேன். குளவி கொட்டியதுபோல வலித்தது. தங்கைக்கும் அதே ஊசிதான். பக்கத்துக் கதிரையில் சிநேகிதியோடு கதைத்துக்கொண்டிருந்தவள், "போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"பதினஞ்சு நிமிசம் வாங்குல இரு மனே, தலை சுத்தினாப் படுத்திரு," என்று மிஸி காட்டிய நீள வாங்குப் பலகையில் நான் இருக்கவில்லை. வாங்கு கோழைகளுக்கு. நெஞ்சை நிமிர்த்தி நின்று, வரிசையைப் பார்த்து, "ஒண்டுமில்லடா, பயப்பிடாதீங்க," என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு மண்டபத்தின் கூரைதான் ஞாபகம்.

கண் விழித்தபோது பாயில் கிடந்தேன். கால்களைத் தூக்கிக் கதிரையில் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தே சீடர்கள் இருவருக்கும் கண் இருண்டு, அவர்களும் என் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தார்கள். தங்கை என் ஊசி அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், என்னை ஏற்றிப்போக வந்த காக்கா நின்றார்.

"இவரா புள்ள நெருப்புல நடந்தவரு?"

"ஓம் காக்கா. இப்ப கொஞ்சம் படுத்திரிக்காரு."

நான் படுத்தபடியே அவள் கையிலிருந்த காட்டைப் பிடுங்கி உயர்த்தினேன். "காட் இரிக்கு காக்கா."

"காட் இரிக்கு. ஆளைத்தான் காணல்ல," என்றார் அவர். "மெசினுக்கு மேலயிருந்து இப்பிடி விழுந்தா உன்னையும் நெல்லோட மூட்டையிலதான் கட்டணும்."

வாங்கில் ஒழுங்காக இருந்து, பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒருவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தப் போகம் முழுக்க நான் வாவியில் இறால் தடவினேன். அடுத்த போகத்துக்குத்தான் என்னை ஏற்றினார், அதுவும் தன் கண்முன்னே ஒரு பிளேன்டீயும் இரண்டு பணிசும் சாப்பிட வைத்துவிட்டு.

இப்போது நான் எந்த ஊரில் திரிந்தாலும் அம்மா போனில் முதலில் கேட்பது, "இரிக்கியா, நிக்கியா?"

போன மாரி வெள்ளத்திலும் அப்படித்தான்.

"இரிக்கன் அம்மா."

"அப்ப சரி. வீட்டுச் சுவர் விழுந்திட்டு."

உண்மையில் நான் இருக்கவில்லை, பஸ்ஸில் நெரிசலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். சுவர் விழுந்தது, நான் விழவில்லை. அதை மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.