ஏழாவது பாட்டு

உயிரே போனாலும் ஏழாவது பாட்டைத் தேவயானியின் காதில் விழவிடுவதில்லை என்று தீனதயாளன் உறுதி எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்ட இடம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் தேவயானிக்குப் பக்கத்து சீட்டு. மனைவியைக் கூட்டிவரும் எண்ணமே அவனுக்கு இருக்கவில்லை. "விழுப்புரத்துல எனக்கும் வேலை இருக்குது" என்று சொல்லி அவளே செருப்பை மாட்டிக்கொண்டாள். அதற்குமேல் பேசும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

அவனுடைய ராக் குழுவின் பெயர் 'மண்டகப்பட்டு'. பாறையைக் குடைந்து கோயில் கட்டிய ஊர் என்பதால் வைத்தது. கிட்டாரும் பாட்டும் தீனதயாளன், டிரம்ஸ் அரிபிரசாத், பேஸ் கிட்டார் செல்வகுமார். அவர்களுடைய முதல் ஆல்பத்துக்குத்தான் இந்தப் பயணம். மூன்று பழைய சினிமாப் பாட்டு, நான்கு சொந்தப் பாட்டு. மூவரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிப்பார்கள். வாசித்தது வாசித்தபடி பதிவாகும்.

அது 2012. இரண்டு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த இரண்டு மணி நேரம் இருக்காது. விழுப்புரத்தில் சக்கரபாணியின் ஸ்டுடியோவுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் உயிர். ஜெனரேட்டர் போட்டால் அதுவும் ஒரு பாட்டாகப் பதிவாகிவிடும். செல்வகுமாருக்கோ மறுநாள் சவுதிக்கு ஃப்ளைட். இன்று விட்டால் ஆல்பமும் இல்லை, குழுவும் இல்லை.

ஏழாவது பாட்டு தீனதயாளனின் வயிற்றெரிச்சல். அதன் இரண்டாம் சரணம் இப்படிப் போகும்:

*சாம்பாருல உப்பில்ல, சொல்ல வாயும் எனக்கில்ல,*
*ஞாயித்துக்கெழமை கூட நான் தூங்க வழியில்ல.*
*உங்கம்மா வந்தாப் போகமாட்டா,*
*எங்கம்மா வந்தாத் தங்கமாட்டா.*

பதினொன்று நாற்பதுக்கு ஆறு பாட்டு முடிந்தது. தீனதயாளன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"தேவயானி, சும்மா உக்காந்துக்கினு இருக்கியே. கடைத்தெருவுல போயி ஒரு புடவை பாரேன்."

"யாருக்குங்க?"

"உனக்குத்தான்."

"எனக்கா?"

"வேற யாருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"ஆசையா சொன்னா இப்படித்தான்."

"ஆறு வருஷமா இல்லாத ஆசை. எத்தனை மணி வரைக்கும் புடவை பாக்கணும்?"

"பன்னெண்டு ஆவட்டும். நிதானமா பாரு."

"சரிங்க" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த "சரிங்க"வுக்கே அவன் பயந்திருக்க வேண்டும். நேரமில்லை.

பதினொன்று ஐம்பது. சிவப்பு விளக்கு எரிந்தது. அரிபிரசாத் நான்கு தட்டுத் தட்டினான். முதல் சரணத்தைத் தீனதயாளன் சிங்கம்போல் கர்ஜித்து முடித்தான். நிமிர்ந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

சக்கரபாணியின் நாற்காலிக்குப் பின்னால் தேவயானி நின்றிருந்தாள். கையில் புடவை இல்லை, செல்போன் இருந்தது. அவள் ஏதோ சொல்ல, சக்கரபாணி ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினார்.

நிறுத்தினால் ஆல்பம் போச்சு. பாடினால் வீடு போச்சு. விரல்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தன. இரண்டாம் சரணம் வந்து வாயில் நின்றது. அவன் வாயைத் திறந்தான்.

*சாம்பாருல குறையில்ல, சமைக்க நீயும் சளைக்கல...*

செல்வகுமார் திரும்பிப் பார்த்தான். அடுத்த வரி "இல்ல" என்று முடிய வேண்டும். வேறெதுவும் அகப்படவில்லை.

*ஞாயித்துக்கெழமை அடுப்பு எனது, உனக்கு அங்க வேலையில்ல.*

தேவயானி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலே அவனை மேலும் தள்ளியது.

*உங்கம்மா வந்தாப் போகவேணாம்,*
*நம்மளோட தங்கவேணும்.*

அடுத்த சரணத்தில் துணி துவைத்தான், கோலம் போட்டான். கடைசித் தந்தியின் அதிர்வு அடங்கியதும் சக்கரபாணி கட்டைவிரலை உயர்த்தினார். கரண்ட் போனது.

"அண்ணே, குரல்ல ஒரு நடுக்கம் வந்துது பாருங்க, அதான் ராக்கு" என்றான் அரிபிரசாத்.

தீனதயாளன் இருட்டில் தடவிக்கொண்டு போய்ச் சக்கரபாணியின் காதைக் கடித்தான். "சார், அந்த ரெண்டாவது சரணத்தை மட்டும் எடுத்துடலாமா?"

"ஆவாதுப்பா. எல்லா மைக்குலயும் எல்லாரும் விழுந்திருக்கீங்க. உன் குரலை எடுத்தா டிரம்ஸும் போயிடும்."

வாசலில் தேவயானி நின்றிருந்தாள்.

"பாட்டு நல்லா இருந்துதுங்க."

"நீ புடவைக் கடைக்குப் போவலியா?"

"போவல. இங்கதான் நின்னுக்கினு இருந்தேன்."

"இந்தப் பாட்டு உனக்கு முன்னயே தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும். வீட்டுல பழகும்போது கரண்ட் போனா கிட்டாருதான் நிக்குது. நீங்க எங்க நிறுத்துறீங்க?"

"அப்போ அன்னிக்கே சண்டை போட்டிருக்கலாமே."

"போட்டிருந்தா பாட்டைத் தூக்கியிருப்பீங்க. எனக்கு இன்னா கெடைச்சிருக்கும்?"

தீனதயாளன் தைரியத்தைக் கூட்டிக்கொண்டான். "இதோ பாரு, பாட்டுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நெசம்னு எடுத்துக்கக் கூடாது. நீயும் நானும் பேசித் தீத்துக்கலாம். வேற யாரு கேட்டா?"

தேவயானி கையிலிருந்த செல்போனைக் காதில் வைத்தாள். "சரிம்மா, நான் சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அம்மா பாதிப் பாட்டுலயே கெளம்பிட்டாங்களாம். வானூர்ல பஸ் ஏறியாச்சாம், ரெண்டு மூட்டையாம், எறக்கறதுக்கு நீங்க நிக்கணுமாம்."